வேலியும் செருப்பும்: யாழ்ப்பாணத்து நாய்க்குட்டியின் கடித்தல் பற்றிய ஓர் ஆய்வு

பாயிரம்

யாழ்ப்பாணத்தில் ஆராயப்படாமல் விடுபட்ட பொருள் அதிகம் இல்லை. ஆரியச்சக்கரவர்த்திகள் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கு ஆளுக்கொரு கொள்கை இருக்கிறது. சீதனத்துக்கும் முதுசத்துக்கும் உள்ள வேறுபாட்டை நீதிமன்றங்கள் இரண்டு நூற்றாண்டுகளாக விளக்கி வருகின்றன. கேட்பவர்களுக்குத்தான் இன்னும் விளங்கிய பாடில்லை. ஆனால் மூன்று மாதம் நிரம்பிய ஒரு நாய்க்குட்டி, விறாந்தையில் கழற்றிவிட்ட சோடிச் செருப்பில் ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு போவது ஏன், அதை நிறுத்துவது எப்படி என்ற வினா எந்த அறிஞர் சபையிலும் ஏறவில்லை. சட்டமும் கைவிட்டுவிட்டது. 1707 இல் ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்துப் பன்னிரண்டு முதலியார்கள் சரிபார்த்த தேசவழமை, சொத்து எவ்வாறு கைமாறும் என்பதை நுணுக்கமாகச் சொல்கிறது. செருப்பு வாய்மாறுவது பற்றிப் பேசவில்லை. 1893 ஆம் ஆண்டின் விசர்நோய்க் கட்டளைச் சட்டமும் 1901 ஆம் ஆண்டின் நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டமும் நாயைக் கவனித்தன. விசர்நாய் மனிதரைக் கடிப்பதே அரசுக்குக் கவலை. விசரில்லாத குட்டி கதிரைக் காலைக் கடிப்பது வீட்டாரின் தனிப்பட்ட துயரம் என்று விடப்பட்டது.

இந்தக் குறையை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். நம் கோள் இது: நாய்க்குட்டி செருப்பைக் கடிப்பது அதன் குணக்கேடு அன்று, வேலி போய் மதில் வந்ததன் விளைவு. ஆகவே கடித்தலை நிறுத்தும் வழி நாயைத் திருத்துவதில் இல்லை, வளவைத் திருத்துவதில் இருக்கிறது. இதைச் சைவசித்தாந்த மரபின்படி காட்சி, கருதல், உரை என்னும் மூன்று அளவைகளாலும் நிறுவுவோம். சிவஞானசித்தியார் செய்தது போலப் பரபக்கத்தில் பிறர் கொள்கைகளை மறுத்துச் சுபக்கத்தில் நம் கொள்கையை நிலைநாட்டுவோம். முத்திக்கு வகுத்த முறையைச் செருப்புக்குப் பயன்படுத்தலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். வைரவருக்கு நாயை வாகனமாக்கி, அவருக்கு வடைமாலையும் சாத்துகிற ஊரில் இந்தத் தயக்கம் பொருந்தாது.

காட்சி

முதலில் கண்ணால் காண்பவை. நாய்க்குட்டி எல்லாவற்றையும் கடிப்பதாக வீட்டார் முறையிடுவார்கள். அது மிகைக் கூற்று. கடிபடும் பொருள்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். அவை தரையில் அல்லது தரைக்கு மிக அருகில் கிடப்பவை: செருப்பு, கால்மிதி, தும்புத்தடியின் தும்பு, கதிரைக் கால், பள்ளிக்கூடப் பையின் வார், கைத்தொலைபேசி சார்ஜரின் வயர், கொடியிலிருந்து விழுந்த துவாய். இரண்டாவதாக, அவை பல் பதியக்கூடிய மென்மையும் உடனே சிதையாத உறுதியும் ஒருங்கே உள்ளவை. மூன்றாவதாக, அவற்றில் பெரும்பாலானவை மனித உடம்பின் மணம் ஊறியவை. இந்த மூன்றும் குறைவின்றிக் கூடிய பொருள் செருப்பு ஒன்றுதான். உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் மிகச் செறிவாக உள்ளன. இறப்பர் அந்த மணத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மனித மூக்கில் மணம் உணரும் கலங்கள் சில மில்லியன் என்றால் நாயின் மூக்கில் அவை இருபது கோடிக்கும் மேல். நமக்குப் பழைய செருப்பாகத் தெரிவது குட்டிக்கு வீட்டுத் தலைவரின் வாழ்க்கைச் சரித்திரம். இங்கே களவுக்கும் கடிக்கும் உள்ள வேறுபாட்டையும் பதிந்துவைக்க வேண்டும். கோயில் வாசலில் செருப்பு எடுப்பவன் சோடியாக எடுப்பான், அதிலும் புதியதாகப் பார்த்து எடுப்பான். நாய் ஒற்றையாக எடுக்கும், அதிலும் நன்றாகத் தேய்ந்ததை எடுக்கும். முன்னதன் நோக்கம் பொருளாசை. பின்னதன் நோக்கம் அதுவன்று என்பது காட்சியளவையாலேயே பெறப்படும்.

அடுத்தது வாய்க்குள் காண்பவை. நாய்க்குட்டிக்குப் பாற்பற்கள் 28. மூன்றாம் வாரமளவில் முளைக்கத் தொடங்கி, மூன்று நான்கு மாதத்தில் விழத் தொடங்கும். அவற்றின் இடத்தில் 42 நிலைப்பற்கள் வந்து ஆறேழு மாதத்தில் அமையும். மனிதக் குழந்தை இருபது பல்லை ஆறு வயது தொடங்கி ஆண்டுக் கணக்கில் மாற்றுகிறது. அதற்கே ஊரைக் கூட்டுகிறது. குட்டியோ இருபத்தெட்டை உதிர்த்து நாற்பத்திரண்டை வாங்கும் வேலையைச் சில மாதங்களில் முடிக்கிறது. இவ்வளவு போக்குவரத்து உள்ள வாய் சும்மா இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர் உடற்கூற்றோடு வழக்காடுகிறார். முரசு ஊறும்போது கடித்தால் சுகம், கடிக்காவிட்டால் வேதனை. பல் எல்லாம் வந்த பிறகும் ஒரு வயது வரை, சில இனங்களில் அதற்கு மேலும், கடிக்கும் விருப்பம் நீடிக்கும்.

கருதல்

கண்டவற்றிலிருந்து காணாததைக் கருதுவோம். கடித்தலுக்குக் காரணம் மூன்று: பல்லூறல், வேலையின்மை, மணம். உயிரைப் பிணிக்கும் மும்மலங்களைப் போலவே இவையும் மூன்று என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் ஆய்வாளன் தற்செயலை வீணாக்குவதில்லை. பல்லூறல் ஆணவம்போல உடன்பிறந்தது. வேலையின்மை கன்மம்போல நாளுக்கு நாள் சேர்வது. மணம் மாயைபோல மயக்குவது. இந்த மூன்றும் நாய் தோன்றிய காலந்தொட்டே நாயிடம் உள்ளவை. அப்படியானால் செருப்புக் கடி மட்டும் இன்றைய வீட்டில் ஏன் இவ்வளவு பெரிய வழக்காக இருக்கிறது? என்றும் உள்ள காரணத்திலிருந்து புதிய விளைவு பிறக்காது. இடையில் ஏதோ ஒன்று மாறியிருக்க வேண்டும். அந்த மாற்றம் வளவின் எல்லையில் நடந்தது.

பழைய யாழ்ப்பாணத்து வளவை எண்ணிப் பார்க்கலாம். நான்கு பக்கமும் பூவரசும் கிளுவையும் கதியாலாக நின்றன. அவற்றில் வரிச்சு கட்டிக் கிடுகோ பனையோலையோ அடைத்தார்கள். சில இடங்களில் பனைமட்டை. ஓலை உக்கும், வேலியைத் திரும்ப அடைக்க வேண்டும். கழித்த ஓலை தோட்டத்துக்குப் பசளையாகப் போகும். எனவே எந்த நாளிலும் வளவின் ஒரு மூலையில் மட்டைத் துண்டும் ஈர்க்கும் பொச்சும் பாளையும் கிடக்கும். ஆவணியில் பனம்பழம் விழும். ஆட்கள் சூப்பி எறிந்த தும்புள்ள பனங்கொட்டை குட்டியின் காலடிக்கு வரும். பல்லூறலுக்கு இவ்வளவு மருந்து எந்தக் கடையிலும் கிடையாது. வேலையின்மைக்கும் அங்கேயே மருந்து இருந்தது. வேலிக்குப் பொட்டு இருந்தது. பொட்டுக்குள்ளால் ஒழுங்கைக்குப் போய், பக்கத்து வளவின் ஆட்டைப் பார்த்துக் குரைத்து, ஓணானைத் துரத்தி, களைத்துத் திரும்பிவந்து படுத்தால் குட்டிக்குச் செருப்பை நினைக்க நேரம் ஏது? மூன்றாவது மணம். பழைய வீட்டில் மனிதர்கள் தங்கள் பொருளை உயரத்தில் வைத்தார்கள். கறிச்சட்டி உறியில், பாய் சுருட்டிப் பரணில், உடுப்புக் கொடியில். தாழக் கிடந்தவை நாயுடையவை, உயர இருந்தவை மனிதருடையவை என்ற எழுதாத எல்லை ஒன்று வீட்டுக்குள்ளும் இருந்தது.

பிறகு சீமெந்து வந்தது. மதில் முன்பும் இருந்ததுதான், ஆனால் வசதி உள்ளவரின் அடையாளமாக இருந்தது. 1990 களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் குடாநாட்டுக்குள் வரக்கூடாத பொருள்களில் சீமெந்தும் ஒன்று. அந்தக் காலம் முழுவதும் வேலிக்கு மறைமுகமான பாதுகாப்புக் கிடைத்தது. 2002 இல் ஏ9 வீதி திறந்தது, 2006 ஓகஸ்ட்டில் மூடியது, 2009 இன் பின் நிலையாகத் திறந்தது. சீமெந்தும் வெளிநாட்டுப் பணமும் சேர்ந்து வந்தபோது ஒழுங்கைகளின் இரு பக்கமும் மதில் எழும்பிற்று. படலை இருந்த இடத்தில் இரும்புக் கேற் வந்தது. முற்றத்து மணலுக்கு மேல் கல் பதித்தார்கள். விறாந்தைக்கு ரைல்ஸ் வந்தது. மதிலில் பொட்டு இல்லை. ரைல்ஸில் மட்டைத் துண்டு கிடப்பது அவமானம், கூட்டி அள்ளிவிடுவார்கள். அப்படிக் கூட்டிச் சுத்தமாக்கிய வெளியில், அந்த ரைல்ஸ் அழுக்குப்படாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே, வாசலில் வரிசையாகக் கழற்றி வைத்த ஒரேயொரு பொருள் வகை மிஞ்சுகிறது. கடிப்பதற்கு நூறு பொருள் இருந்த வாய்க்கு முன்னால் இப்போது ஒன்றே ஒன்று இருக்கிறது. அதை நாய் தெரிவு செய்தது என்று சொல்வதே பிழை. வீடு தெரிவு செய்து வைத்தது, நாய் வழிமொழிந்தது.

பரபக்கம்

முதல் மறுப்பு வரலாற்றாசிரியர்களுடையது: அந்தக் காலத்தில் பலர் வெறுங்காலோடு நடந்தார்கள், செருப்பே இல்லாதபோது கடிக்குச் செருப்பு எங்கே என்பார்கள். நல்ல மறுப்பு; ஆனால் அரைவழியில் நின்றுவிடுகிறது. செருப்பு இல்லாத வீட்டில் கடகமும் சுளகும் நீத்துப்பெட்டியும் பாயும் இருந்தன. அவை ஓலையால் ஆனவை, கைமணமும் உடல்மணமும் ஊறியவை, நாயின் பல்லுக்குச் செருப்பை விட இணக்கமானவை. வேலியோரம் கிடந்த ஓலைக்கும் உறியருகே வைத்த ஓலைக்கும் இடையில் குட்டிக்கு ஓர் எல்லை இருந்தது என்பதுதான் நம் வாதம். செருப்பின் எண்ணிக்கை அந்த வாதத்தை அசைக்காது. இரண்டாவது மறுப்பு புலம்பெயர்ந்தோருடையது: லண்டனிலும் ரொறன்ரோவிலும் கிடுகு வேலி என்றுமே இருந்ததில்லை, அங்கும் நாய்கள் சப்பாத்தைக் கடிக்கின்றனவே என்பார்கள். கடிக்கின்றன, அதனால்தான் அங்கே கடைகளில் இறப்பர் எலும்பும் கயிற்று முடிச்சும் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். வேலி இல்லாதவர்கள் வேலியின் வேலையை விலைக்கு வாங்குகிறார்கள் என்பது நம் கோளுக்குச் சான்றே தவிர மறுப்பு ஆகாது.

மூன்றாவது கட்சி பழைய கட்சி. அதன் ஆயுதம் தடி. கடித்த செருப்பை மூக்கடியில் காட்டி இரண்டு போட்டால் திருந்தும் என்பது அதன் முடிபு. கடித்தது காலை ஒன்பது மணி. வீட்டுக்காரர் கண்டது மதியம். அடி விழுந்தது அதற்குப் பிறகு. ஒரு செயலை அதன் உடனடி விளைவோடுதான் விலங்கு பெரும்பாலும் இணைக்கிறது என்பது 1898 இல் எட்வேட் தோண்டைக் பூனைகளைப் பெட்டிக்குள் வைத்துச் செய்த சோதனைகளிலிருந்து தொடரும் பாடம். மதியம் அடி வாங்கிய குட்டி, வீட்டுக்காரர் செருப்பைக் கையில் வைத்திருக்கும்போது ஆபத்தானவர் என்பதை மட்டும் கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை கண் படாத இடத்துக்கு, அநேகமாகக் கட்டிலுக்குக் கீழே, கொண்டுபோய்க் கடிக்கிறது. "அதுக்குத் தெரியும் தான் செய்தது பிழை எண்டு, முகத்தைப் பாருங்கோ" என்று இக்கட்சியார் சொல்வார்கள். நியூயோர்க்கின் பார்னாட் கல்லூரி ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹொறோவிற்ஸ் 2009 இல் இந்த முகத்தைத்தான் சோதித்தார். தடைசெய்த தின்பண்டத்தைத் தின்றதா இல்லையா என்பதைப் பொறுத்து அந்தக் குற்றமுகம் வரவில்லை. உரிமையாளர் ஏசியதைப் பொறுத்து வந்தது. தின்னாத நாயும் ஏச்சுக் கேட்டால் அதே முகத்தைக் காட்டியது. ஆக, நாய் ஒப்புக்கொண்ட குற்றம் என்று எதுவும் பதிவில் இல்லை. மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907 முதல் இந்நாட்டில் இருப்பதையும் தடிக்கட்சியார் நினைவிற்கொள்வது நல்லது.

நான்காவது கட்சி வைத்தியக் கட்சி. பிள்ளையின் விரல் சூப்பலை மறக்கடிக்க வேப்பெண்ணெய் பூசுவதுபோலச் செருப்புக்கும் பூசலாம், மிளகாய்த் தூளும் தடவலாம் என்பார்கள். மிளகாய் கண்ணிலும் மூக்கிலும் எரிவை உண்டாக்கும். அது வைத்தியம் ஆகாது. வேப்பெண்ணெய் உள்ளே போவதும் நல்லதன்று. கசப்பு நாயை அந்த ஒரு பொருளிலிருந்து விலக்கலாம்; அடுத்த பொருளை நோக்கி அனுப்பும். வீடு முழுவதையும் வேப்பெண்ணெயில் தோய்த்த பின் அதில் குடியிருக்க நாய் சம்மதிக்கும், மனிதர் சம்மதிக்க மாட்டார்கள். ஐந்தாவது கட்சி கருணைக் கட்சி: பழைய செருப்பு ஒன்றைக் கொடுத்துவிட்டால் புதியதைத் தொடாது என்கிறது. எந்தச் செருப்பு பழையது, எது தைப்பொங்கலுக்கு வாங்கியது என்பதைக் குட்டி அறிய வழியில்லை. செருப்பு என்ற இனமே தனக்கு எழுதிக் கொடுத்த உறுதி என்று அது விளங்கிக்கொள்கிறது. பழைய சாரத்தில் முடிச்சுப் போட்டுக் கொடுப்பதும் இதே வழக்கு. ஆறாவது கட்சி நாளெல்லாம் கட்டிப்போடச் சொல்கிறது. அது மூன்று காரணங்களில் வேலையின்மையை முழுநேரமாக்கும். கட்டிய குட்டி கயிற்றைக் கடிக்கும். கடைசியாக, நாய்வாலை நிமிர்த்த முடியாது என்று பழமொழி சொல்லி ஒதுங்குவோர். உரையளவையாகப் பழமொழியை ஏற்கிறோம். ஆனால் நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமும் இல்லை என்ற பழமொழியும் உரைதான். வாலைப் பற்றிய முதுமொழி வாலோடு நிற்க, வேலையின்மையைப் பற்றிய முதுமொழியே நம் வழக்குக்கு நேரே பொருந்துகிறது.

சுபக்கம்

இனி நம் கொள்கை. மதிலை இடித்து வேலி அடையுங்கள் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் கேட்க ஆளும் இல்லை, கிடுகுக்கு விலையும் அதிகம். வேலி செய்த மூன்று வேலைகளை மதிலுக்குள்ளேயே மீட்டால் போதும். முதலாவது, பழைய உயர எல்லை. குட்டி பின்னங்காலில் நின்றாலும் எட்டாத உயரத்தில் செருப்புத் தட்டு, கதவோடு பைக்கு ஆணி, 230 வோல்ட் மின்சாரம் ஓடும் வயருக்குக் கட்டாய மறைவு. இதில் ஒரு நாள் தவறுவது ஒரு நாள் தவறு மட்டுமன்று. எப்போதாவது கிடைக்கும் பரிசு எப்போதும் கிடைக்கும் பரிசை விட ஆசையை உறுதியாக்கும் என்பது உளவியலாளர் ஸ்கின்னர் காட்டிய உண்மை; அதிர்ஷ்ட இலாபச் சீட்டு வாங்குபவரை நிறுத்த முடியாததும் இதனால்தான். ஆறு நாள் செருப்பு தட்டில், ஏழாம் நாள் தரையில் என்றால் குட்டி ஏழாம் நாளுக்காக ஆறு நாளும் காத்திருக்கும். ஆகவே பயிற்சி பெற வேண்டியவர்கள் செருப்புப் போடுகிற அத்தனை பேரும். தாத்தா ஒரு சட்டம், பேரன் ஒரு சட்டம் என்று இருந்தால் குட்டி பேரனின் சட்டத்தையே படிக்கும்.

இரண்டாவது, கடிக்கத் தகுந்ததைக் காலடியில் வைப்பது. நகத்தால் அழுத்தினால் சற்றேனும் பதியாத பொருள் பாற்பல்லுக்கு ஆகாது, பல் உடையும். அதனால் காய்ந்த ஊமலும் கல் போன்ற எலும்பும் தள்ளுபடி. சமைத்த கோழி எலும்பு சிம்பாகப் பிளந்து குடலைக் குத்தும், அதுவும் தள்ளுபடி. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுத்த முழுக் கரட் முரசுக்கு இதம். விழுங்க முடியாத அளவுள்ள தடித்த இறப்பர் பொருள் நல்லது. பொச்சுமட்டையும் தும்புள்ள பனங்கொட்டையும் மரபுவழி மருந்துகளே. ஆனால் தும்பை விழுங்கினால் குடல் அடைபடும் என்பதால் ஆள் பார்த்திருக்கும்போது மட்டும் கொடுத்து, பிய்ந்து தும்பாகத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும். குட்டி சத்தியெடுத்து, தின்னாமல் சுருண்டு படுத்தால் மிருக வைத்தியரிடம் போவதுதான் ஆய்வு. பரிசாகக் கொடுக்கும் உணவிலும் இங்கே தனிக் கவனம் தேவை. யாழ்ப்பாணத்துத் தோட்டத்தின் பெருமையான சின்ன வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். பந்தலில் தொங்கும் முந்திரிகைப் பழம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கனடாவிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் சொக்கிலேற்றும் நஞ்சு. எலும்பு நீக்கிய அவித்த கோழித் துண்டு பாதுகாப்பான இலஞ்சம்.

மூன்றாவது, வேலை. செருப்பு வாய்க்குள் போய்விட்டால் துரத்தக்கூடாது. துரத்தினால் வீட்டிலுள்ள எல்லோரும் தன்னோடு ஓடிப்பிடித்து விளையாட எழுந்துவிட்டதாகக் குட்டி மகிழும், நாளையும் அதே நேரத்துக்கு அதே செருப்போடு வரும். அசையாமல் நின்று கோழித் துண்டைக் காட்டி, விட்டதும் கொடுத்து, உரிய கடிபொருளை வாயில் வைப்பது முறை. காலையும் மாலையும் ஒழுங்கையில் நடத்திச் செல்வது மதிலில் அடைபட்ட பொட்டைத் திறப்பதற்கு ஒப்பு. அந்த நடையில் நாயைவிட வீட்டுக்காரருக்கே உடல்நலம் கூடும் என்பது ஆய்வின் எல்லைக்கு வெளியே உள்ள இலாபம்.

முடிபு இது. குட்டி குற்றவாளி அன்று. சூழ்நிலையால் செருப்புக்குத் தள்ளப்பட்ட கடியன். அதன் மீதுள்ள வழக்கைத் தள்ளுபடி செய்து, செலவுத் தொகையை மதில் கட்டியவர் செலுத்துமாறு தீர்ப்பளிக்கிறோம். 1978 முதல் இயங்கிவரும் பனை அபிவிருத்திச் சபைக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. பனைக்கு 801 பயன்கள் என்று தாலவிலாசம் கணக்குச் சொல்வதாக வழங்கிவருகிறது. நாய்க்குட்டி விழுங்க முடியாதபடி இறுக்கி முறுக்கிய தும்புக் கடிபொருள் ஒன்றைச் செய்து 802 ஆவது பயனாகச் சேர்த்தால், ரொறன்ரோவிலிருந்து இறப்பர் எலும்பு வருவதற்குப் பதிலாக இங்கிருந்து அங்கே போகும். அதுவரைக்கும் வாசகர்கள் செய்யவேண்டியது ஒன்றுதான்: செருப்பைக் கழற்றியதும் குனிந்து எடுத்துத் தட்டில் வையுங்கோ.